முதலில் நிழலைப் பார்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

"மாடியில சோலார் போடலாம்னு இருக்கோம்மா" என்று நீ போனில் சொன்னதும் "தாராளமா போடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் சொல்லாமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

நம் வீட்டுக்குப் போட வந்தவர் டேப் பிடித்து மாடியை அளந்தார். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி, 3 கிலோவாட்டுக்கு 300 என்று கணக்குப் போட்டு, காகிதத்தில் பேனலுக்கு ஒன்றாக 8 கட்டம் வரைந்து கொடுத்தார். அவர் வந்தது காலை 11 மணிக்கு. மாடி முழுக்க வெயில். மூன்று மணிக்குத் துணி எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன், தண்ணீர்த் தொட்டியின் நிழல் அவர் வரைந்த இரண்டு கட்டத்தின் மேல் சாவகாசமாகப் படுத்திருந்தது.

மறுநாள் சாக்பீஸோடு ஏறினேன். மணிக்கு ஒரு தரம் நிழலின் ஓரத்தில் கோடு இழுத்து, பக்கத்தில் நேரத்தை எழுதினேன். சாயங்காலம் பார்த்தால் தரையெல்லாம் விசிறி விரித்த மாதிரி கோடுகள். "என்ன, பாண்டி ஆடப் போறியா?" என்று உன் அப்பா கேட்டார்.

கொஞ்சூண்டு நிழல்தானே என்று விடக்கூடாது, கண்ணு. பேனல்களைத் தொடராகக் கோத்திருப்பார்கள். ஒன்றில் ஓடுகிற கரண்ட்தான் மற்றதிலும் ஓட வேண்டும், அதனால் ஒன்று நிழலில் மாட்டினால் வரிசையே திணறும். இதற்காகவே ஒவ்வொரு பேனலின் முதுகிலும் பைபாஸ் டயோடு வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் மூன்று. நிழல் விழுந்த பகுதியை விட்டுவிட்டுக் கரண்ட் சுற்றிப் போய்விடும். ஆனால் நிழல் நகரும்வரை அந்தப் பகுதியிலிருந்து ஒன்றும் வராது. பேனல் தருகிற கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டிதான் இன்வெர்ட்டர். பேனலுக்கு ஒன்றாகச் சின்னதாக, அதாவது மைக்ரோ இன்வெர்ட்டர், வைத்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றை இழுக்காது, செலவுதான் கூடும். நாங்கள் இரண்டு பேனலையும் தொட்டிக்கு அந்தப் பக்கம் மாற்றச் சொன்னோம். காகிதத்தில் இருக்கும்போதே பார்த்ததால் காசில்லாமல் முடிந்தது. இன்னொன்று, சூரியன் தாழ்ந்து போகிற மாதங்களில் இதே நிழல் இன்னும் நீளும். அதற்கும் சேர்த்து இடம் விடு. எந்தத் திசை, எவ்வளவு சாய்வு என்பதெல்லாம் வருகிறவர்களுக்கே தெரியும், நீ மெனக்கெட வேண்டாம்.

அடுத்தது, நான் ஏமாந்த கதை. போட்டு ஒரு மாதம் இருக்கும். உச்சி வெயிலில் கரண்ட் போனது. நமக்கென்ன என்று ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது மெல்ல நின்றது. மேலே 8 பேனல் வெயிலில் காய்கிறது, கீழே நான் விசிறிக்கொண்டிருக்கிறேன்! பேனல் போட்டவருக்குக் கோபமாகப் போன் செய்தால், அது அப்படித்தான் என்கிறார். வெளி லைனில் கரண்ட் போனால் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடுமாம். நிற்காவிட்டால் நம் வீட்டுக் கரண்ட் வெளியே ஏறி, கம்பத்தில் வேலை செய்கிறவரை அடித்துவிடும். அதைக் கேட்டதும் கோபம் போய்விட்டது. ஆனால் வாங்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கரண்ட் போன நேரத்திலும் வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கேற்ற ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வேண்டும். அது உங்களுக்குத் தேவையா என்று மாப்பிள்ளையோடு இப்போதே பேசி முடிவு செய்.

வெயில் கொளுத்தினால் கரண்ட் கொட்டும் என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லை. பேனலுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. அதன் மேல் எழுதியிருக்கும் வாட் கணக்கு 25 டிகிரிக்கு. மாடியில் பேனல் 60 டிகிரிவரை காயும். ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் குறையும் என்று வைத்தாலும் 12 சதவீதம் போய்விடுகிறது. அதனால் தளத்தோடு ஒட்டி வைக்க விடாதே, அடியில் காற்றோட வேண்டும்.

தளத்தில் துளை போட்டுப் பேனல் ஸ்டாண்டின் கால் நட்டால், அன்றைக்கே அந்த இடத்தை நீர் இறங்காமல் அடைக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார். இங்கே நான் நிற்கவில்லை. முதல் மழைக்கே உன் பழைய அறையின் மூலையில் ஈரம் இறங்கி, நீ ஒட்டி வைத்திருந்த உலகப் படம் உரிந்து விழுந்துவிட்டது. அமெரிக்கா போச்சு, மற்றதெல்லாம் பத்திரம்.

எர்த், இடிதாங்கி இரண்டிலும் மிச்சம் பிடிக்காதே. மாப்பிள்ளை எதையும் கழற்றிப் பார்க்கிற ஆள், அவரிடம் கண்டிப்பாகச் சொல்: சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கிறவரை பேனலிலிருந்து வரும் ஒயரில் கரண்ட் இருக்கும். 8 பேனல் தொடரில் அது சில நூறு வோல்ட். தொடவே வேண்டாம்.

வாரண்டி இரண்டு இருக்கும், பொருளுக்கு ஒன்று, அது தருகிற கரண்டின் அளவுக்கு ஒன்று. 25 வருஷம் என்று பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் இரண்டாவது. அப்பா தன் வயதோடு 25-ஐக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இன்வெர்ட்டர் வாரண்டி போதும் எனக்கு" என்றார். இன்வெர்ட்டரை நடுவில் ஒரு தரமாவது மாற்ற வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் வை.

கழுவுவதென்றால் விடியற்காலையில். வெயிலில் சூடேறிய கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம். தூசியை விடப் பறவை எச்சம் மோசம், அந்த இடத்தை அப்படியே மறைத்துவிடும். இப்போதெல்லாம் நம் மாடியில் காக்கை உட்கார்ந்தால் அப்பாவுக்கு ஆகவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, மதியம், மூன்று மணி, ஐந்து மணி என்று நாலு நேரம் உன் மாடியைப் படம் எடுத்து அனுப்பு. நிழல் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒன்றிலாவது நீயும் நில், எவ்வளவு இளைத்திருக்கிறாய் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா