1985 என்பது எடை ஐயா, ஆண்டு அல்ல

ஒக்டோபர் 20, 2025

பெறுநர்: முகாமையாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: இராட்சதப் பூசணி விதை என்று விற்ற வேறு விதை பற்றியது

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நாலாவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் செய்தி கிடைத்தது" என்று கணினிதான் பதில் போட்டது. இதையாவது ஒரு மனிதர் வாசிக்கட்டும் என்று தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் ஸ்காபரோக் கடைவாசலில் "தமிழில் சேவை உண்டு" என்று பெரிதாக எழுதித்தானே வைத்திருக்கிறீர்கள்.

விஷயம் அந்தக் கறுப்புப் பொதி பற்றியது. ஐந்து விதை, 60 டொலர், வரி வேறு. ஜனவரியில் காசு கட்டினேன், மார்ச் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. ஒரு விதை 12 டொலரா என்று மனைவி அன்றைக்குக் கேட்டவர், இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

பொதியைப் பிரித்தவுடனேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அற்லான்ரிக் ஜயன்ற் என்ற இராட்சதப் பூசணி இனத்தின் விதை பெருவிரல் நகத்தைவிடப் பெரிதாக, தடிப்பாக இருக்கும். உங்களுடையது சின்னன், தட்டை, விளிம்பில் வரம்பு கட்டினதுபோல ஒரு கோடு. அன்றைக்கே தொலைபேசி எடுத்தேன். "விதையைப் பார்த்துக் காயைச் சொல்ல ஏலாது ஐயா, நட்டுப் பாருங்கோ" என்றார் ஒரு பிள்ளை. அவர் மரியாதையாகத்தான் கதைத்தார், அவரில் எனக்குக் கோபமில்லை. நானும் நம்பினேன். விதையின் ஓரத்தை நகம் தேய்க்கும் அரத்தால் மெல்லத் தேய்த்து, இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, 30 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்து முளைக்கப் பண்ணினேன். ஏப்ரல் 20 அளவில் சட்டி, மே மாத விக்ரோறியா தினத்தோடு தோட்டம். எதிலும் நான் பிழை விடவில்லை.

ஜூன் நடுப்பகுதியில் கொடியைத் தொட்டால் கை கீறியது. தண்டு கோணல் கோணலாக, முள்ளு முள்ளாக இருந்தது. இராட்சதப் பூசணியின் தண்டு உருண்டையாக இருக்கும், காம்பு முற்றினால் தக்கைபோல ஆகும். கோணத் தண்டும் வெட்டு விழுந்த இலையும் ஹலோவீனுக்கு முகம் வெட்டுகிற சாதாரணப் பூசணிக்குத்தான். இரண்டும் வேறு வேறு இனம். இதை விதை விற்கிற உங்களுக்கு நான் சொல்லவேண்டி வந்ததே, அதுதான் வெட்கம்.

அப்புறம்தான் அந்த ஆள். ஜூன் 24ஆம் திகதி பின்னேரம், 47 நிமிடம் பாட்டுக் கேட்கவைத்த பிறகு எடுத்தார். பெயர் கேட்டேன், தரவில்லை. பொதியில் உள்ளதை வாசிக்கச் சொன்னார். 1985, பிறகு வளர்த்தவரின் குடும்பப் பெயர், பிறகு 2022 என்று வாசித்தேன். அவர் சிரித்தார். "அண்ணை, அது 1985ஆம் ஆண்டு விதை. 40 வருசப் பழசு முளைச்சதே பெரிய காரியம்" என்றார்.

முகாமையாளர் அவர்களே, 1985 என்பது ஆண்டு அல்ல. அந்த விதை எடுத்த தாய்க்காயின் எடை, இறாத்தலில். எடை, வளர்த்தவர், ஆண்டு என்றுதான் இராட்சதப் பூசணி உலகத்தில் விதைக்குப் பெயர் வைப்பார்கள். அமெரிக்காவின் றோட் ஐலண்டில் ரொன் வாலஸ் 2012இல் 2,009 இறாத்தல் காய் வளர்த்து, முதன்முதலாக 2,000 இறாத்தலைத் தாண்டினார். அந்த விதைக்குப் பெயர் "2009 வாலஸ்". அதையும் உங்கள் ஆள் 2009ஆம் ஆண்டு விதை என்றுதான் விற்பார்போல. தாய் எது, மகரந்தம் தந்த தகப்பன் எது என்று பார்த்துத்தான் நாங்கள் விதை தெரிவு செய்கிறோம். கலியாணத்துக்குச் சாதகம் பார்க்கிற மாதிரி. அந்தச் சாதகத்துக்குத்தான் 60 டொலர் தந்தேன், ஐந்து விதைக்கல்ல.

இதையெல்லாம் அவருக்கும் விளக்கினேன். அதற்கு அவர் சொன்னது: "பூசணிதானே அண்ணை, என்ன வந்தாலும் கறி வையுங்கோ." வைத்துவிட்டார். தொலைபேசியைச் சொல்கிறேன்.

எனக்கு 61 வயது. 1989இல் இந்த நாட்டுக்கு வந்து பனியிலும் தொழிற்சாலையிலும் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். ஆனால் என் காசை வாங்கிக்கொண்டு, என் மொழியிலேயே, இப்படி ஒருவர் என்னோடு கதைத்ததில்லை.

மன்னிக்கவும், ஒழுங்காகச் சொல்லவந்தேன். ஒகஸ்ட் 2, சனிக்கிழமை. மின்னஞ்சலில் படம் காணாது, செடியை நேரில் கொண்டுவரவேண்டும் என்று உங்கள் அலுவலகம் சொன்னதால் ஓரடிக் கொடித்துண்டு, இரண்டு இலை, ஒரு பிஞ்சு, எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் வைத்து 401 நெடுஞ்சாலையில் உங்கள் மிசிசாகா களஞ்சியத்துக்கு ஓடினேன். நெரிசலில் இரண்டு மணித்தியாலம். வாளி காருக்குள் கவிழ்ந்தது, அது வேறு கதை. வாசலில் நின்றவர் "விதைப் பகுதி திங்கள்தான்" என்றார். திங்கட்கிழமை மறுபடி போனேன். நீண்ட வார இறுதி, விடுமுறை, கதவு பூட்டு. திங்கள் வா என்று சொன்னவருக்கு அது தெரியாதா? தெரியாமல் சொன்னாரா, என்னை அனுப்பினால் போதும் என்று சொன்னாரா?

இப்போது நட்டத்துக்கு வருவோம். இந்த ஒரு கொடிக்காக 500 சதுர அடிப் புல்லைக் கிளறினேன். மனைவியின் மிளகாய்ப் பாத்தியும் கத்தரிப் பாத்தியும் போயின. எரு ஒரு லொறி. ஒரு வாரம் வேலைக்கு லீவு. விடியமுன் எழும்பி, முதல்நாள் இரவே மூடிக்கட்டிவைத்த பெண்பூவுக்குக் கையால் மகரந்தம் போட்டேன். ஒரு காயை விட்டு மற்றதெல்லாம் கிள்ளினேன். ஒரு நல்ல காய் உச்சத்தில் ஒரு நாளைக்கு 40 இறாத்தல்கூடப் போடும். என்னுடையது முழு வருடத்துக்கும் 11 இறாத்தல். குளியலறைத் தராசில் நிறுத்தேன். அடுத்த வீட்டு இத்தாலியருடையது 600ஐத் தாண்டியது. அவர் 60 டொலரும் கட்டவில்லை. இங்குள்ள வளர்ப்பாளர்களில் ஒருவருக்கு முத்திரை ஒட்டிய உறையை அனுப்பி இலவசமாக விதை வாங்கியவர். நான்தான் பெரிய கடை, பொறுப்பான இடம் என்று உங்களிடம் வந்தேன். ஒக்டோபர் தொடக்கத்தில் போட் எல்ஜின் பூசணி விழாவுக்கு அவர் பாரந்தூக்கியோடு போனார். நான் கூடப்போய்ப் படம் எடுத்தேன். அதே கிழமை இங்கிலாந்தில் பேட்டன் இரட்டைச் சகோதரர்கள் 2,819 இறாத்தலில் உலக சாதனை வைத்தார்கள். என்னுடைய ஒரு வருடமே அழிந்தது. காசாகப் பார்த்தால் 9,000 டொலர் என்று சொல்லுவேன், குறைத்துத்தான் சொல்கிறேன்.

இந்த அற்லான்ரிக் ஜயன்ற் பூசணி வேறெங்கோ பிறந்தது என்றாலாவது சரி. நொவா ஸ்கோஷியா மாகாணத்து வின்சர் ஊரில் ஹவர்ட் டில் என்ற விவசாயி தெரிவு செய்து தெரிவு செய்து உண்டாக்கியது. அவர் 1979இலிருந்து 1982வரை தொடர்ந்து நாலு வருடம் உலகத்திலே முதலாவதாக வந்தவர். இன்றைக்குச் சாதனை வைக்கிற காய்களெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். கனடாக் கடைக்குக் கனடாப் பூசணி தெரியாதென்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. உங்கள் கடையில் வெண்டி விதையும் பயற்றை விதையும் வருடா வருடம் வாங்குகிறேன், அவற்றில் ஒரு குறையும் இல்லை. தயவுசெய்து என் 60 டொலரையும் வரியையும் தபால் செலவையும் திருப்பித் தாருங்கள். எருவுக்கும் பெற்றோலுக்கும் நியாயமான ஒரு தொகை சேர்த்துத் தாருங்கள். "கறி வையுங்கோ" என்றவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்கவேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில் நான் இறங்கமாட்டேன்.

நவம்பர் 10க்குள் பதில் வராவிட்டால் கடனட்டை நிறுவனத்துக்கும், பொதியில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக விதை விற்பது பற்றிக் கனடிய உணவுப் பரிசோதனை முகவரகத்துக்கும் எழுதுவேன். அதற்கும் அசையாவிட்டால் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம் இருக்கிறது. மிச்சம் இரண்டு விதையையும் பொதியோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். காய்ந்த தண்டும் கராஜில் தொங்குகிறது. யார் வந்தாலும் காட்டலாம்.

நன்றி.

இப்படிக்கு,
கறுப்புப் பொதி வாங்கிய வாடிக்கையாளர், மார்க்கம்

பி.கு.: கடைசியில் கறியும் வைத்துப் பார்த்தோம். வெறும் தண்ணியும் தும்பும். உங்கள் ஆளிடம் சொல்லிவிடுங்கள்.