நாலு கிழங்குக்கு ஒரு தபால்தலை

கோத்தகிரி மார்க்கெட் மண்டி அண்ணனுக்கும், தச்சுப் பட்டறை ஐயாவுக்கும், ஹட்டியிலிருந்து வந்த தாத்தாவுக்கும், எங்கள் சத்துணவு அக்காவுக்கும் ஏழாம் வகுப்பு டீச்சரின் வணக்கம்.

எங்கள் பள்ளிக் கண்காட்சி முடிந்து பத்து நாளாகிறது. ஆளுக்கு ஒரு வார்த்தை நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். விடைத்தாள் கட்டு விடவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கண்காட்சிக்கு எங்கள் தலைப்பு டிரிஸ்டன் ட குன்யா என்று சொன்னதும் மண்டி அண்ணன், "அது என்ன டீச்சர், புது ரகக் கிழங்கா?" என்றார். சிரித்தோம். ஆனால் அண்ணன் ரொம்பத் தவறிவிடவில்லை. தென் அட்லாண்டிக் நடுவே, கேப் டவுனிலிருந்து சுமார் 2,800 கி.மீ. தள்ளி இருக்கும் பிரிட்டிஷ் தீவு அது. விமானம் இறங்க இடமில்லை. கப்பலில் போனால் ஒரு வாரம். ஒரே ஒரு ஊர், இருநூற்றுச் சொச்சம் பேர். ஊருக்கு மேற்கே கல் சுவர் கட்டிய சின்னச் சின்னப் பாத்திகளில் வீட்டுக்கு வீடு உருளைக்கிழங்கு போடுகிறார்கள். 1946-இல் அந்தத் தீவுக்காக வரைந்த ஒரு தபால்தலையில் விலை என்ன தெரியுமா? ஒரு பென்னி, அல்லது நாலு உருளைக்கிழங்கு.

தீவின் மாதிரிக்கு நாலடிப் பலகையைச் சும்மா கொடுத்தவர் பட்டறை ஐயா. பிள்ளைகள் நடுவில் இரண்டடிக்கு எரிமலையை எழுப்பத் துடித்தார்கள். ஐயா இஞ்ச் டேப்பை நீட்டி, "தீவு எவ்வளவு அகலம்?" என்று கேட்டார். சுமார் 12 கி.மீ. "மலை?" 2,062 மீட்டர். பென்சிலால் பலகையிலேயே கணக்குப் போட்டு, "எட்டு அங்குலம். அதுக்கு மேல வெச்சா பொய்" என்று எழுந்து போய்விட்டார். நான் ஒரு பருவம் முழுக்க நடத்திய அளவுகோல் பாடம் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. அந்தச் சிகரம் நம் ஊட்டியைவிடத் தாழ்வு என்றபோது பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது. கடலிலிருந்து ஒரே மூச்சாக எழும் மலை என்று சமாதானம் சொன்னேன்.

(வரைபட பிளெக்ஸ் தலைகீழாக வந்த கதையை விட்டுவிடுகிறேன். கடைப் பெயரும் வேண்டாம்.)

இரண்டாம் நாள் காலை வந்து பார்த்தால் மேற்குச் சரிவைக் காணோம். மைதாப் பசைக்காக எலி தின்றிருக்கிறது. அழுதுகொண்டிருந்த பிள்ளைகளிடம் காஃப் தீவைப் பற்றிச் சொன்னேன். அதுவும் அதே தீவுக்கூட்டம்தான். முன்பு கப்பல்களோடு வந்து இறங்கிய சுண்டெலிகள் அங்கே ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சுகளைக் கூட்டில் வைத்தே கடித்துத் தின்கின்றன. 2021-இல் ஒழிக்கப் பார்த்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் மறுபடி எலி தென்பட்டுவிட்டது. அழுகை நின்றது. சரிவை ஒட்டுப் போட்டு, பக்கத்தில் ஒரு களிமண் எலியையும் வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் அதிகம் கேட்டது அந்த எலியைப் பற்றித்தான்.

தாத்தா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல? விதைக்கிழங்கில் முளைக்கண் பார்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கத்தான் கூப்பிட்டோம். 1961-இல் எரிமலை வெடித்து அந்தத் தீவார் மொத்தப் பேரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன கதையை ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்கள் இடைமறித்து, "அதே வருஷந்தான் நம்ம மலைக் கிழங்குல நூற்புழு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க" என்றீர்கள். கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் அந்தப் புழுவால் உங்கள் அப்பா பாதி நிலத்தைத் தேயிலைக்கு மாற்றியதை, அம்மா அதற்குப் பின் பல வருஷம் கிழங்குக் காட்டுப் பக்கமே போகாததைச் சொன்னீர்கள். அப்புறம், "அவுங்க திரும்பிப் போனாங்களா?" என்று கேட்டீர்கள். போனார்கள் தாத்தா. இங்கிலாந்தில் வீடும் வேலையும் கிடைத்திருந்தும் ஓட்டுப் போட்டு முடிவெடுத்து, 1963-இல் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். இதைச் சொன்னதும் நீங்கள் தலையாட்டியதைப் பிள்ளைகள் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள்.

தபால்தலையை நாங்களே வரைந்து நாலு கிழங்குக்கு ஒன்று என்று விற்றோம். மண்டி அண்ணன் ஒரு சிப்பக் கிழங்கை வாசலில் இறக்கி வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் நாலு நாலாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். சேர்ந்த கிழங்கு முழுவதையும் சத்துணவு அக்கா மறுநாள் பொரியல் செய்து, இரண்டாம் தடவை கேட்டவர்களுக்கும் இல்லை என்று சொல்லாமல் போட்டார்.

பட்டறை ஐயா, உங்கள் இஞ்ச் டேப் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் ஆசிரியை
கோத்தகிரி