டி டிரைவ்ல இடம் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுறது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்கு இப்போ பரவாயில்லை. என்னடா கையால எழுதியிருக்காரேன்னு பார்க்காதே. கடை கம்ப்யூட்டர்ல டிஃப்ராக் ஓடிக்கிட்டிருக்கு, அதான், டிஸ்க்ல சிதறிக் கிடக்கிற ஃபைலை எல்லாம் ஒழுங்கா அடுக்கிப் போடுறது. அது ஓடுறப்ப வேற வேலை பார்த்தா இழுத்துக்கிட்டே போகும். அதனாலதான் பில் புக்குக்குப் பின்பக்கம் எழுதுறேன். விடிஞ்சதும் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்ல போடுறேன்.

ராத்திரி ஒன்பதரைக்கு ஆரம்பிச்சேன். நாளைக்கு மாதாந்திர பராமரிப்பு, காலையில ஒன்பதுல இருந்து சாயந்திரம் அஞ்சு வரைக்கும் கரண்ட் கிடையாது. யூபிஎஸ் பேட்டரி பத்து நிமிஷம்கூடத் தாங்காது. ராத்திரியே முடிச்சாகணும்.

ஒரு வாரமா, போஸ்டரும் பத்திரிகையும் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் திறக்கவே ரெண்டு மூணு நிமிஷம் ஆச்சு. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வந்தவங்களை வாசல்ல நிக்க வச்சிக்கிட்டு நான் மணல் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். துக்க வீட்டுக்காரங்க பாவம், ஒண்ணும் சொல்லலை. எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசுச்சு. பார்த்தா டி டிரைவ்ல 54 ஜிபிக்கு 1.8தான் காலி. டிஃப்ராக் போட்டா, குறைஞ்சது 15 சதவீதம் காலியா இருக்கணும்னு அதுவே சொல்லுது. எட்டு ஜிபிக்கு எங்கே போறது?

உங்க தாத்தா பிரஸ்ல நான் சின்னப் பையனா வேலை பார்த்தப்ப, அச்சடிச்சு முடிச்ச எழுத்தையெல்லாம் பிரிச்சு அந்தந்தக் குழியில போடணும். அவசரத்துல கண்ட குழியில போட்டுட்டா, மறுநாள் ஒரு வரி கோக்கக் கை அங்கேயும் இங்கேயும் அலையும். டிஸ்க்கும் அதேதான். ஒரு கல்யாணப் பத்திரிகை ஃபைலை எடுத்தா, அதைத் துண்டு துண்டா, எங்கெங்கே இடம் கிடைச்சதோ அங்கெல்லாம் எழுதி வச்சிருக்கு. உள்ளே ஊசி மாதிரி ஒண்ணு அத்தனை இடத்துக்கும் ஓடி ஓடிப் பொறுக்குது. அடுக்கிப் போடணும்னா முதல்ல ஒரு காலி மேசை வேணும். தாத்தா அதுக்குன்னே ஒரு பலகையில எதையும் வைக்க விடமாட்டாரு.

நீ வாங்கிக் கொடுத்த ஒரு டெராபைட் டிரைவை இப்பதான் டப்பாவுல இருந்து எடுத்தேன். ரெண்டு ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் டப்பா மேலேயே காய்ஞ்சிருந்துச்சு. 2006ல இருந்து 2012 வரைக்கும் உள்ள கல்யாணப் பத்திரிகை எல்லாத்தையும் அதுல ஏத்தி, ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்துட்டு, அப்புறம்தான் இங்கே அழிச்சேன். ரெண்டு நாள் ஆச்சு. கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்குத் திருப்புற சிஸ்டம் ரெஸ்டோர்னு ஒண்ணு டிரைவ்ல 12 சதவீதம் வரைக்கும் தானா எடுத்துக்கும்னு நீ ஒருதடவை சொன்னியே, அதையும் குறைச்சேன். இப்போ 11 ஜிபி காலி. என் பிள்ளை சொல்லிக் கொடுத்ததுன்னு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்கிட்ட சொன்னேன்.

ஊசி ஓடாத புது மாதிரி டிஸ்க், எஸ்எஸ்டி போட்டா டிஃப்ராக்கே வேண்டாம், போடவும் கூடாதுன்னு நீ சொல்லுவே. தெரியும். இந்த மதர்போர்டு 2005ல வாங்கினது, பழைய ஐடிஇ கேபிள். புது மெஷின்ல பாமினி எழுத்துருவுல அடிச்ச நம்ம ஃபைலை எல்லாம் அப்படியே கொண்டுவர முடியுமான்னு எனக்கு பயம். அதுக்கெல்லாம் நீ பணம் அனுப்பிடாதே. இந்த மாசம் எதுவுமே அனுப்ப வேண்டாம். கடையில வர்றது எங்க ரெண்டு பேருக்கும் தாராளம்.

ஒண்ணு சொல்லணும்னு நினைச்சேன். ஆபீஸ் லேப்டாப்ல வீட்டு போட்டோ, சர்டிபிகேட் எதையும் வச்சிக்காதே. பின்தெருப் பையன் ஒருத்தன் காலையில வேலைக்குப் போனான். மத்தியானம் கூப்பிட்டு உட்கார வச்சு, லேப்டாப்பை அங்கேயே வாங்கி வச்சிக்கிட்டாங்களாம். குழந்தை போட்டோவைக்கூட எடுக்க விடலையாம். உன்னுதையெல்லாம் தனியா ஒரு காப்பி எடுத்து வச்சிட்டியா?

புதன்கிழமை பதினொரு மணிக்கு நீ போன் பண்ணினே. அந்த நேரத்துல நீ பண்ணினதே இல்லை. சும்மாதான்ப்பான்னு சொன்னே. பின்னால குக்கர் சத்தம் கேட்டுச்சு. லீவுன்னா லீவா இருக்கட்டும், நான் கேட்கலை. நேரத்துக்குச் சாப்பிடு. காப்பி எடுத்து வை. பணம் அனுப்பாதே.

கோபம் இல்லைன்னு சொல்லமாட்டேன். அக்காகிட்ட மணிக்கணக்காப் பேசுறே. என்கிட்ட மட்டும் வெயில் எப்படி, அம்மா மாத்திரை போட்டாங்களான்னு கேட்டுட்டு வச்சிடுறே. நான் என்ன அந்நியமா?

மணி பன்னெண்டே கால். எழுந்து போய்ப் பார்த்தேன். மேலே உள்ள பட்டையில சிவப்பு நிறைய, சிதறிக் கிடக்கிறது. கீழே உள்ளதுல நீலம், அடுக்கி வச்சது, சேர்ந்துக்கிட்டே வருது. நடுவுல பச்சை அப்படியே இருக்கு. அதை அது நகர்த்தாது. இதையே பார்த்துக்கிட்டிருந்தப்பதான் இந்தக் கடிதம் எழுதணும்னு தோணுச்சு. பின்தெருப் பையன் கதை எழுத உட்காரலை.

2009ல நீ பிளஸ் டூ முடிச்சப்ப, உன் ஃபோல்டர் போனது ஞாபகம் இருக்கும். மவுஸாலயே போட்டோஷாப்ல வரைஞ்சியே, திருமயம் கோட்டை, நம்ம தெரு, தாத்தா மிஷின், எல்லாம். ஆறு ஜிபி இருந்துச்சு. டிஸ்க் நிறைஞ்சுபோச்சு, டிஃப்ராக் போட்டேன், அதுல அழிஞ்சுபோச்சுன்னு சொன்னேன். நீ ஒண்ணும் பேசாம மாடிக்குப் போயிட்டே.

தம்பி, டிஃப்ராக் எதையும் அழிக்காது. இருக்கிறதை இடம் மாத்தி அடுக்கும், அவ்வளவுதான். நான்தான் அழிச்சேன். ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகக்கூடாதுன்னு ஷிஃப்டை அமுக்கிக்கிட்டு டெலிட் பண்ணினேன். இடம் இல்லைங்கிறது நிஜம்தான். ஆனா அதுக்கு முதல் நாள்தான் உன் கணக்கு நோட்டுக்குள்ள கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி விண்ணப்பத்தைப் பார்த்தேன். கவுன்சிலிங்குக்குப் பத்து நாள் இருந்துச்சு. டெலிட் பண்ணின கையோட டிஃப்ராக்கையும் ஓட விட்டேன். அழிச்ச ஃபைல் உடனே போயிடாது, மேல வேற ஏதாவது எழுதற வரைக்கும் உள்ளேதான் கிடக்கும்னு எனக்கு அப்போ தெரியாது. நான் மெனக்கெட்டு அது மேலேயே அடுக்க வச்சிருக்கேன்.

நீ முதல் வருஷம் ஹாஸ்டலுக்குப் போனப்புறம் மனசு கேட்காம, திருச்சியில இருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து ரெக்கவரி போட்டுப் பார்த்தேன். அம்மாவுக்கும் தெரியாது. ஒரே ஒரு படம் வந்துச்சு, அதுவும் பாதி. திருமயம். மேலே வானம், பீரங்கி மேடை, சுவர் மேல நீ போட்ட ரெண்டு மயில் வரைக்கும் தெளிவா இருக்கு. அதுக்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். நாம உட்கார்ந்து முறுக்குத் தின்ன படிக்கட்டு அங்கேதான் வந்திருக்கணும்.

நீ கம்ப்யூட்டர் படிச்சவன். டிஃப்ராக் அழிக்காதுன்னு உனக்கு முதல் செமஸ்டர்லேயே தெரிஞ்சிருக்கும். இத்தனை வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. மாசாமாசம் பணம் மட்டும் அனுப்பினே. நான் சொன்ன பொய்யை நீ அப்படியே வச்சிருந்தது எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். அதனாலதான் இப்போ உன்னை ஒண்ணு கேட்க எனக்கு வாய் வரமாட்டேங்குது.

வேலை போயிருந்தா போகட்டும். வீட்டு லோன் எவ்வளவு பாக்கின்னு மட்டும் சொல்லு, தாத்தா மனை விஷயம் பேசலாம். இல்லைன்னா அப்பா தப்பா நினைச்சிட்டாருன்னு திட்டிக்கோ.

மணி ரெண்டு. 71 சதவீதம். கரண்ட் இருக்கு. அந்தப் பாதிப் படம் டெராபைட்லயும் ஒண்ணு, டி டிரைவ்ல ஒண்ணு இருக்கு.

நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் கடையில வேலை இருக்காது. போனுக்கு இப்பவே சார்ஜ் போட்டுட்டேன்.

அப்பா