சின்ன சிபியு, ஒல்லி டிரைவ்: பில்லில் தடிமனை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அலுவலகங்கள் கழித்துக்கட்டிய சின்ன சிபியுக்கள் இன்று எத்தனையோ வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. டெல் ஆப்டிபிளக்ஸ் 790, 990, 7010 வரிசையில் வந்த ஒல்லிப் பெட்டிகள் அதில் நிறைய. மதர்போர்டு நன்றாக இருக்கும், டிவிடி டிரைவ் மட்டும் மக்கர் செய்யும். "இதுக்கெல்லாம் இப்ப டிரைவ் வராதுங்க, வேற சிபியு பாருங்க" என்று கடையில் சொல்லிவிடுகிறார்கள். இது தவறான பேச்சு. டிரைவ் கிடைக்கிறது, மாற்ற அரை மணி நேரம் போதும். ஸ்கேன் சென்டரில் கொடுத்த சிடியும் கல்யாண டிவிடியும் பீரோவில் இருக்கும்வரை அந்த டிரைவுக்கு வேலை உண்டு.

வாங்கப் போகும் முன் டிரைவ் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை என்றால் விண்டோஸைக் குறை சொல்ல வேண்டாம். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர். இரண்டும் தனித்தனி என்பதால் ஒன்று மட்டும் சாகும். இரண்டுமே திணறினால் முதல் சந்தேகம் தூசி. ஒல்லி டிரைவில் டிரேயை இழுத்தாலே லென்ஸ் கண்ணுக்குத் தெரியும். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி விட்டு, அழுத்தாமல் ஒரு சுற்று துடைத்துக் காயவிடுங்கள். நெயில்பாலிஷ் ரிமூவர் மட்டும் வேண்டவே வேண்டாம். லென்ஸ் பிளாஸ்டிக், அசிட்டோன் பட்டால் மங்கிப்போகும்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது எஃப்2 தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) பாருங்கள். அங்கே டிரைவின் பெயர் இருந்து, விண்டோஸில் மட்டும் மஞ்சள் முக்கோணம் காட்டினால் பல நேரம் அது ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடம்) கோளாறு. பழைய சிடி எழுதும் மென்பொருள் விட்டுப்போன அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் பதிவுகள் வழியை மறித்துக்கொண்டிருக்கும். டிவிடி டிரைவ் பிரிவில் இருப்பதை மட்டும், பேக்கப் எடுத்துக்கொண்டு நீக்கினால் டிரைவ் திரும்பி வந்துவிடும். பயாஸிலேயே பெயர் இல்லையென்றால் கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அதற்கும் வரவில்லையென்றால் புது டிரைவ்தான்.

இனி வாங்கும் விஷயம். பணம் வீணாவது இங்கேதான். இந்தப் பெட்டிகளில் இருப்பது லேப்டாப் வகை டிரைவ். அது பெரும்பாலும் 12.7 மி.மீ., 9.5 மி.மீ. என இரண்டு தடிமனில் வருகிறது. மேலே சொன்ன மூன்று மாடல்களுக்கும் 12.7. பிறகு வந்த பல பெட்டிகளுக்கு 9.5. மெல்லியதை வாங்கித் தடித்த இடத்தில் செருகினால் டிரே முன்பக்க ஓட்டையோடு ஒத்துவராமல் உரசும், தடித்தது மெல்லிய இடத்தில் நுழையவே நுழையாது. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய டிரைவைக் கழற்றி ஸ்கேல் வைத்து அளந்து, கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்தது சாக்கெட். டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் இன்றைய முறைக்குப் பெயர் சாட்டா. ஒல்லி சாட்டா டிரைவில் டேட்டாவுக்கு 7 பின், பவருக்கு 6 பின். ஹார்டு டிஸ்கில் பவருக்கு 15 பின், அதனால் அந்த பிளக் இதில் ஏறாது. ஒல்லி டிரைவ் 5 வோல்ட்டில் மட்டுமே ஓடுகிறது, பெரிய டிரைவுக்கு 12 வோல்ட்டும் வேண்டும். இன்னும் பழைய பெட்டிகளில் சாட்டாவுக்கு முந்தைய முறையான ஐடிஇ-யின் 50 பின் சாக்கெட் இருக்கும். சாட்டா டிரைவ் அதற்குப் பொருந்தாது.

கழற்றும்போது கரண்ட் ஒயரை உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். மூடியை எடுத்து, டிரைவின் பின்னாலிருக்கும் கேபிளைப் பிளக்கைப் பிடித்து இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து அல்ல. டெல் பெட்டிகளில் கை வைக்க வேண்டிய தாழ்கள் நீல நிறத்தில் இருக்கும். தாழை முழுதாக விலக்கிப் பிடித்தால் டிரைவ் தானே நகரும். நகரவில்லையென்றால் தாழ் விலகவில்லை என்று அர்த்தம், பலம் காட்டக் கூடாது.

கழற்றிய டிரைவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் பின்புறமோ பக்கவாட்டிலோ ஒரு தகரப் பட்டை இருக்கும், அது புதியதற்கு வேண்டும். அதைப் பிடித்திருக்கும் பொடி ஸ்க்ரூக்கள் எம்2 அளவு (2 மி.மீ. விட்டம்), ஏறக்குறைய 3 மி.மீ. நீளம். ஒன்று தொலைந்தது என்று நீளமான ஸ்க்ரூவைத் திருகினால் உள்ளே இருக்கும் போர்டில் போய் முட்டும். பட்டை இல்லாமல் செருகினால் டிரைவ் நிலையாக உட்காராது, டிரேயை இழுக்கும்போது டிரைவும் கூடவே வரும்.

முன்பக்க முகப்புத் தகடும் அப்படித்தான். நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை முகப்பிலுள்ள ஊசித் துளையில் செலுத்தினால் டிரே விடுபடும். பிறகு முகப்பின் கொக்கிகளை ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பினால் கழன்று வரும். புதியதில் அதை மாட்டும்போது பட்டன் இருக்கும் இடம் பொருந்துகிறதா என்று பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். பொருந்தாவிட்டால் புதியதோடு வந்த தகடே இருக்கட்டும். நிறம் கொஞ்சம் வேறாகத் தெரியும், அவ்வளவுதான்.

மூடியை மாட்டி ஆன் செய்ததும் மூடி திறக்கப்பட்டதாக ஓர் எச்சரிக்கை வரலாம், பயப்பட வேண்டாம். டிரைவ் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் எஃப்1 அழுத்தச் சொன்னால், கேபிள் வேறு சாட்டா போர்ட்டுக்கு மாறியிருக்கும். பழைய போர்ட்டில் செருகுங்கள், அல்லது பயாஸில் டிரைவ்ஸ் பகுதியில் காலி போர்ட்டை அணைத்துவிடுங்கள். டிரைவ் சரியாகத் தெரிகிறது, ஆனால் சினிமா டிவிடி ஓடவில்லை என்று சிலர் புது டிரைவைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். விண்டோஸ் 10-இல் டிவிடி படம் ஓட்டும் வசதி கூடவே வருவதில்லை, விஎல்சி என்ற இலவச வீடியோ மென்பொருளைப் போட்டால் ஓடும். செகண்ட் ஹேண்ட் டிரைவ் என்றால் ரீஜன் எண்ணையும் (எந்தப் பகுதி நாடுகளின் டிவிடி ஓடும் என்று டிரைவில் பதிந்த எண்) பாருங்கள். இந்தியாவுக்கு 5. ஐந்து முறைதான் மாற்ற முடியும், பிறகு பூட்டிக்கொள்ளும்.

வருஷத்துக்கு இரண்டு தடவைதான் சிடி போடுவோம் என்பவர்களுக்கு யுஎஸ்பி டிரைவே போதும், பெட்டியைத் திறக்க வேண்டாம். ஒல்லி டிரைவ் சுழலத் தொடங்கும்போது ஒன்றரை ஆம்பியர் வரை இழுக்கும், யுஎஸ்பி 2 போர்ட் தருவது அரை ஆம்பியர். அதனால்தான் பல டிரைவ்களுக்கு இரட்டை முனை ஒயர் தருகிறார்கள். இரண்டு முனையையும் பின்பக்க போர்ட்டுகளில் செருகுங்கள்.

கடைக்காரர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பில்லில் "டிவிடி டிரைவ்" என்று மட்டும் போடாமல் "12.7, சாட்டா" அல்லது "9.5, சாட்டா" என்று எழுதிக் கொடுங்கள். தவறான டிரைவை வாங்கிவிட்டு, பொருந்தவில்லை என்றதும் கம்ப்யூட்டரையே எடைக்குப் போடுபவர்களுக்கு அந்த ஓர் எண் போதும். உங்கள் கணினிப் பக்கத்திலும் இதை ஒருமுறை வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
விருதுநகர்