காலை நெட்டும் ஒரு புதுக் குரலும்

திருச்சி,
ஞாயிறு காலை

அன்புள்ள நண்பா,

கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று தங்கை போனில் சொன்னாள். குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்றார்களாம். காதுக்குத் தடை இல்லையே. காலை ஏழு மணிக்கு நம் அமெச்சூர் ரேடியோவில் 40 மீட்டர் அலைவரிசையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிரு. நீ இல்லாத இந்த ஆறு வாரமும் நெட்டை, நாம் அலையில் முறைவைத்துப் பேசும் அந்தக் காலைக் கூட்டத்தை, நான்தான் நடத்துகிறேன். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

சென்ற மாதம் விழுப்புரம் பக்கமிருந்து ஒரு புதுக் குரல் வந்தது. கல்லூரியில் படிக்கும் பெண். 'விக்டர் யூனிஃபார்ம் த்ரீ' (VU3) என்று தன் நிலையத்தின் அடையாளமான அழைப்புக் குறியைத் தொடங்கினாள். கடைசி எழுத்தைச் சொல்வதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. உரிமம் கைக்கு வந்து நான்கே நாள். இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நுழைந்துவிட்டாள் என்பது உண்மைதான். நம் மூத்தவர் ஒருவர் உடனே, "முதலில் விதிகளைப் படித்துவிட்டு மைக்கைத் தொடுங்கள்" என்றார். அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்தான். மூன்று வாரம் அவள் வரவில்லை.

அன்று இரவு நம் விதி நோட்டை எடுத்துப் பார்த்தேன். நீயும் நானும் தொடங்கியபோது நான்கு வரி. ஒவ்வொரு மனத்தாங்கலுக்கும் ஒரு வரி சேர்த்துப் பதினேழு ஆகியிருந்தது. ஒன்பதாவது விதி யாருக்காக எழுதினோம் என்று நினைவிருக்கிறதா? தினமும் பழைய செட் விற்க வந்தாரே, அவருக்காக. அவர் வருவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அவருக்காக எழுதிய வரியோ இன்னும் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கிறது. பதினேழையும் வாசித்து முடிக்கவே பத்து நிமிடம் போகிறது. வெயில் ஏற ஏற தூரத்து நிலையங்கள் மங்கிவிடும் என்பது உனக்குத் தெரியாததா? கன்னியாகுமரிக்காரர் வாய் திறப்பதற்குள் அவர் குரல் பாதி தேய்ந்துவிடுகிறது.

ஆகவே பழைய நான்கு மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். கேட்டுவிட்டுப் பேசு, உன் அழைப்புக் குறியைச் சொல், அரசியல், மதம், வியாபாரம் வேண்டாம், ஒருவர் முடித்ததும் மூன்று விநாடி இடைவெளி விடு. இந்தக் கடைசி விதியை மட்டும் நான் யாருக்காகவும் தளர்த்த மாட்டேன். அவசரச் செய்தி வைத்திருப்பவன் நுழைய அந்த இடைவெளிதான் வாசல். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, அமெச்சூர் ரேடியோப் பயணமாக போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவர் குழுவினரும் அங்கிருந்து செய்தி அனுப்பியது நமக்கு எல்லாம் பாடம். அப்படி ஒரு நாளில் நம் அரட்டை குறுக்கே நின்றால் மன்னிப்பே கிடையாது. காரணம் சொல்லிவிட்டால் புதியவருக்கும் அது சுமையாகத் தெரிவதில்லை.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. நாம் சங்கேதத்தில் பேசக் கூடாது. அலையில் போவது யார் காதிலும் விழலாம். அந்த அதட்டலை அவள் மட்டுமா கேட்டிருப்பாள்? உரிமம் வாங்கலாமா வேண்டாமா என்று பழைய ரேடியோவை வைத்துக்கொண்டு கேட்பவர்கள் எத்தனை பேரோ! அதனால் விதியை அலையில் எல்லோர் முன்னும் சொல்வது, குறையைத் தனியே போனில் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். மூத்தவரின் வீட்டுக்கும் நேரில் போனேன். மோர்ஸ் என்னும் தந்திக் குறியைப் படித்துக் கஷ்டப்பட்டு உள்ளே வந்தவர். இப்போது மோர்ஸ் இல்லாமலேயே உரிமம் கிடைக்கிறதே என்ற ஆதங்கம். அவர் வருத்தம் பொய் இல்லை. நாம் இருவரும் நிமிடத்துக்கு ஐந்து சொல் வேகத்துக்கு விரல் நோக நோக அடித்துப் பழகியவர்கள்தானே. ஆனால் அந்த நோவுக்கு அந்தப் பெண் என்ன செய்வாள்?

புதியவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் தனியாக ஒதுக்கலாம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். என் மனம் ஒப்பவில்லை. நாம் எங்கே கற்றோம்? பெரியவர்கள் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான். தனிப் பந்தியில் உட்கார வைத்தால் அவர்கள் ஒருவர் தவறை ஒருவர் பார்த்துத்தான் பழகுவார்கள்.

விதி குறைந்ததால் பிடி தளர்ந்துவிடவில்லை. போன வாரம் ஒருவர் கட்சிப் பேச்சை எடுத்தார். நான் வாதிடவில்லை, "நன்றி, அடுத்த நிலையம்" என்று மதுரையை அழைத்துவிட்டேன். மாலையில் போனில் பேசினேன். மறுநாள் வழக்கம்போல வந்தார்.

வியாழக்கிழமை அந்தப் பெண் திரும்ப வந்தாள். இடைவெளிக்காகக் காத்திருந்து அழைப்புக் குறியைச் சொன்னாள். நான் பதில் சொல்வதற்கு முன் மூத்தவரே கீயை அமுக்கி, "ஃபைவ் செவன், தெளிவாகக் கேட்கிறது. ஆன்டெனா என்ன?" என்றார். தென்னை மரத்துக்கும் மாடித் தொட்டிக்கும் நடுவே கட்டிய டைபோலாம், பக்கத்துக்குப் பத்து மீட்டர் கம்பி. நடுப்பகுதி கைக்கெட்டும் உயரத்தில் தொய்ந்து கிடக்கிறதாம். மூங்கில் நட்டுத் தூக்கிக் கட்டச் சொல்லி அவர் விளக்கிக்கொண்டே போனார். நானும் குறுக்கே போகவில்லை. அன்று நெட் இருபது நிமிடம் நீண்டுவிட்டது.

டாக்டர் சரி என்றதும் ஒரு திங்கட்கிழமை நெட்டை நீ நடத்து. தங்கைக்கு என் அன்பு.

நல்வாழ்த்துகள், நம் வழக்கப்படி 73,
உன் பழைய நண்பன்