பேட்டரியைக் கடைசியில் வாங்கு

அன்புள்ள கதிர்,

நீ அனுப்பிய மூன்று பேட்டரிப் படங்களையும் பார்த்தேன். மூன்றுமே நல்ல சரக்குதான். ஆனாலும் இப்போது எதையும் வாங்காதே. காரில் பாட்டுக்காக 1000 வாட் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) மாட்டியதிலிருந்து பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது என்கிறாய். பெரிய பேட்டரி போட்டால் சரியாகிவிடும் என்று அங்கே பெர்த்தில் கடைக்காரர் சொன்னாராம். இங்கே சிங்கப்பூர் சின் மிங்கில் இத்தனை வருடம் கார் வயரிங் பார்த்தவன் சொல்கிறேன், முதலில் ஆல்டர்னேட்டரைப் பார்.

எஞ்சின் ஓடும்போது காருக்குக் கரண்ட் கொடுப்பது ஆல்டர்னேட்டர்தான். அது மாதச் சம்பளம், பேட்டரி கையிருப்பு. வரவுக்கு மேல் செலவு போனால் கையிருப்பு எவ்வளவு இருந்தாலும் கரையும். கணக்குப் போட்டுப் பார். உன்னுடையது கிளாஸ் டி ஆம்ப் என்றால், இழுக்கும் கரண்டில் சுமார் 80 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகும், மீதி சூடாகப் போய்விடும். ஆக 1000 வாட் கொடுக்க 1250 வாட் இழுக்கும். 14 வோல்ட்டில் அது ஏறக்குறைய 90 ஆம்பியர். சாதாரணக் காரின் ஆல்டர்னேட்டர் மொத்தமே 80, 100 ஆம்பியர்தான் தரும். அதிலும் ஏர்கான், விளக்கு, பெட்ரோல் பம்ப் எல்லாம் பங்கு கேட்கும். நல்லவேளையாக, எந்தப் பாட்டும் முழுப் பலத்தில் விடாமல் அடிப்பதில்லை. சராசரி இழுப்பு அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். திடீரென்று பேஸ் விழும் அந்தக் கணத்துக்குத்தான் பேட்டரி கைகொடுக்க வேண்டும்.

அதனால் லேபிளில் ஆம்பியர்-ஹவரை, அதாவது பேட்டரி மொத்தம் எவ்வளவு சேர்த்து வைக்கும் என்பதை மட்டும் பார்க்காதே, சிசிஏ எண்ணையும் பார். மைனஸ் 18 டிகிரிக் குளிரில் 30 வினாடிக்கு எவ்வளவு கரண்ட் தரும் என்பதன் அளவு அது. பெர்த்தில் அந்தக் குளிர் ஏது என்று கேட்பாய். குளிர் வராவிட்டாலும் அந்த எண் பெரிதாக இருந்தால் பேட்டரியின் உள்தடை, அதாவது கரண்டை உள்ளேயே தடுக்கும் தடை, குறைவு என்று புரிந்துகொள்ளலாம். வோல்ட் சரியாமல் நிற்பது அதனால்தான். எஞ்சினை அணைத்துவிட்டுக் கடற்கரையில் பாட்டுக் கேட்பாய் என்றால் ஆம்பியர்-ஹவரும் வேண்டும். அப்போதும் பாதிக்குக் கீழே இறக்காதே. ஈய பேட்டரியை அடிக்கடி அடிவரை இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும்.

வகையில் எனக்குப் பிடித்தது ஏஜிஎம், அதாவது ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்த ஈய பேட்டரி. உள்தடை குறைவு, ஆசிட் சிந்தாது, இறங்கி ஏறுவதையும் சாதா பேட்டரியைவிட நன்றாகத் தாங்கும். அதற்கு எதிரி வெயில். இங்கே எங்களுக்கு வருடம் முழுக்க அந்தச் சூடுதான், பானட்டைத் திறந்தாலே முகத்தில் அடிக்கும். உங்கள் ஊர்க் கோடை சில நாள் 40 டிகிரியைத் தாண்டுகிறது. பழைய பேட்டரி இருக்கும் தட்டின் அளவை டேப் வைத்து அளந்துகொள். ஜப்பான் கார் என்றால் 55டி23எல் போன்ற குறியீட்டில் அந்த 23 நீளம், சென்டிமீட்டரில். பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பதையும் பார்த்துவிடு. கரண்டைக் கொஞ்ச நேரம் தேக்கிக் கொடுக்கும் கெப்பாசிட்டரில் காசைப் போடாதே. 1 ஃபாரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்குவதற்குள், உன் ஆம்ப் முழுப் பலத்தில் இழுத்தால், ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம்தான் தாங்கும்.

வயரில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். போன மாதம் ஒரு பையன் கார் கொண்டுவந்தான். பூட் வரை விரல் தடிமனுக்குச் சிவப்பு வயர். நுனியைச் சீவிப் பார்த்தேன். முக்கால்வாசி பிளாஸ்டிக், உள்ளே இழை செம்பு நிறம். பிளேடால் சுரண்டியதும் வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. நீ முழுச் செம்பு வாங்கு. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு, எஞ்சினிலிருந்து பாடிக்கு, இந்த மூன்று வயரையும் தடிமனாக மாற்று.

பேட்டரி பிளஸிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே ஆம்புக்குப் போகும் வயரைக் கழற்றிவிடு. வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் கார் எரிந்துவிடும். இதை நினைத்து உன் அம்மாவுக்கும் எனக்கும் தூக்கம் வரவில்லை. வயர் தாங்கும் அளவுக்கே ஃபியூஸ் போடு, அதற்கு மேல் வேண்டாம்.

ஃபியூஸ் போட்டு முடித்ததும், எஞ்சின் ஓடட்டும், சத்தத்தைக் கூட்டு. வோல்ட் மீட்டரைப் பேட்டரி முனையில் வைத்துப் பார், அப்புறம் ஆம்ப் முனையில் வை. பேட்டரியில் 14-க்குப் பக்கத்தில் நின்று ஆம்பில் 12.5 காட்டினால் குறை வயரில். இரண்டிலும் சேர்ந்து இறங்கினால் ஆல்டர்னேட்டரோ பேட்டரியோ போதவில்லை. அந்த இரண்டு எண்ணையும், ஆல்டர்னேட்டர் ஸ்டிக்கரின் படத்தையும் அனுப்பு. எந்தப் பேட்டரி என்று அப்போது சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா