மெகுமிக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒன்று

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடுவதிலேயே பொழுது போய்விடுகிறது. இப்போது தேவலை. பேப்பரை எடுத்தால் வரி விளம்பரம் வரை விடுவதில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அத்தனை வருஷம் கூடவே இருந்துவிட்டு, ஆபீஸ் முழுக்க உன்னைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொன்னவள் இப்போது "பழசையெல்லாம் மறந்துடலாம்" என்று மெசேஜ் அனுப்புகிறாள், என்ன செய்யட்டும் என்று எழுதியிருந்தாய். இதே கேள்வியைக் கையில் எடுக்கும் ஒரு ஜப்பானிய அனிமே தொடரை என் மகளோடு உட்கார்ந்து இப்போதுதான் பார்த்து முடித்தேன்.

'எ பிளேஸ் ஃபர்தர் தேன் தி யூனிவர்ஸ்.' 2018இல் வந்தது, மேட்ஹவுஸ் ஸ்டுடியோ, அட்சுகோ இஷிசுகா இயக்கம், 13 பகுதிகள். அண்டார்டிகாவுக்குப் போகும் நாலு பெண்களின் கதை. தாதேபயாஷி என்ற ஊரில் பள்ளியில் படிக்கும் கிமாரி, ரயில் நிலையத்தில் ஷிராசே என்ற இன்னொரு பெண் தவறவிட்ட ஒரு கவரை எடுக்கிறாள். உள்ளே பத்து லட்சம் யென். அண்டார்டிகாவில் காணாமல் போன அம்மாவைத் தேடிப் போக ஷிராசே வேலை பார்த்துச் சேர்த்த பணம். அங்கே தொடங்குகிறது.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியவள் இந்த நாலு பேரில் இல்லாத மெகுமி. கிமாரிக்குச் சின்ன வயதிலிருந்தே தோழி. எதற்கெடுத்தாலும் கிமாரி அவளைத்தான் கேட்பாள். அப்படிப்பட்டவள் அண்டார்டிகாவுக்குக் கிளம்புகிறாள் என்றதும் மெகுமிக்குத் தாங்கவில்லை. ரகசியமாக வதந்தி கிளப்பிவிடுகிறாள். ஐந்தாம் பகுதியில், கிமாரி கிளம்பும் அன்று விடியற்காலையில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். நீதான் என்னை அண்டியிருக்கிறாய் என்று நினைத்தேன், உண்மையில் ஒன்றுமில்லாமல் இருந்தது நான்தான் என்று அழுகிறாள். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. நம் நட்பை முறித்துக்கொள்வோம் என்றுதான் சொல்கிறாள். நடக்கத் தொடங்கிய கிமாரி திரும்பி ஓடி வந்து, பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, முறித்தது செல்லாது என்று காதில் சொல்லிவிட்டுப் போகிறாள். நான் அழுதேவிட்டேன்டி.

இனி பதினொன்றாம் பகுதி. நாலு பேரில் ஒருத்தியான ஹினாதா, ஓட்டப் பந்தயக் குழுவில் கூட இருந்த தோழிகள் சீனியர்கள் முன்னால் கைவிட்டதால் பள்ளியையே விட்டவள். ஷோவா ஆய்வு நிலையத்திலிருந்து நேரலை ஏற்பாடாகிறது. அண்டார்டிகாவில் 1957இல் ஜப்பான் அமைத்த நிலையம் அது. ஜப்பான் பக்கத்துத் திரையில் அந்தப் பழைய தோழிகளே வந்து நிற்கிறார்கள், மன்னிப்புக் கேட்க. ஹினாதாவால் பேச முடியவில்லை. ஷிராசே முன்னால் போய் முகத்துக்கு நேரே சொல்கிறாள்: உங்கள் மனப்பாரம் இறங்க இவள் மன்னிக்க வேண்டுமா, செய்ததைச் சுமந்துகொண்டே இருங்கள், இவள் எங்களோடு முன்னால் போகிறாள். அந்தக் காட்சியை நான் இரண்டு முறை பார்த்தேன்.

ஒரே தொடர் ஒருத்தியை அணைத்துக்கொள்கிறது, மற்றவர்களை வாசலோடு அனுப்புகிறது. இரண்டும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. மெகுமி எல்லாவற்றையும் இழக்கத் தயாராக வந்தாள். அவர்கள் கேமரா முன்னால், ஹினாதா நாலு பேருக்குத் தெரிந்தவளான பிறகு வந்தார்கள். நன்றாக இருக்கிறாள் என்று பார்த்தால் தங்களுக்கு நிம்மதி, அவ்வளவுதான்.

நாலு பேரில் இன்னொருத்தியான யுசுகி என்ற நடிகைப் பெண் நட்புக்கு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துக் கேட்பதும் உண்டு, பாவம். அவளுக்குக் கிமாரி தன் போனைக் காட்டுகிறாள். மெகுமிக்கு அனுப்பிய மெசேஜ்கள். படித்தாகிவிட்டது என்ற குறி எப்போது விழுகிறது என்பதை வைத்தே அவள் தூங்கினாளா, யோசித்தாளா என்று தெரியும் என்கிறாள். முறித்தது செல்லாது என்று சொன்னது வெறும் வாய்வார்த்தை இல்லை, பார்.

உன் விஷயத்தில், "பழசை மறந்துடலாம்" என்பதில் அவள் செய்தது எங்கே இருக்கிறது? நான் இன்னது செய்தேன் என்று ஒரு வரி இல்லையே. நேரில் வந்து அதைச் சொன்னால் அன்றைக்கு யோசி. அதுவரை பதில் போட வேண்டாம் என்பேன்.

மகளைக் கல்லூரியில் சேர்க்க ஜூன் மாதம் உங்கள் ஊர்ப்பக்கம் வருகிறோம். இரண்டு நாள் உன் வீட்டில்தான் ஜாகை. அதற்குள் ஐந்தாம் பகுதி வரைக்குமாவது பார்த்து வை. என் மகளுக்கு மெகுமியை மன்னிக்க மனசே இல்லை, தினமும் என்னோடு வாதாடுகிறாள். நீ என் கட்சியில் சேர வேண்டும்.

உன்,
சுமதி